அரசாணி, சுரை, பூசணி: கொங்கு வாசலில் வண்ணக் குவியல் வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அக்டோபர் பிறந்தால் கைபேசிக்கு ஒரே மாதிரிப் படங்கள் வரத் தொடங்கும். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டு வாசற்படியில் பூசணிகள் அடுக்கியிருக்கும். ஆரஞ்சு, வெள்ளை, சாம்பல் நீலம், கரும்பச்சை எல்லாம் இருக்கும். ஒன்று தலைப்பாகை கட்டியிருக்கும், இன்னொன்றுக்கு உடம்பெல்லாம் மரு. பக்கத்தில் சாமந்தித் தொட்டிகள், தூணோடு சேர்த்துக் கட்டிய சோளத்தட்டு. அவர்கள் இலையுதிர் காலத்தை வரவேற்கும் விதம் இது.

படத்தை உற்றுப் பார்த்தால் அதில் பாதிப் பொருள் நம்மிடமே இருக்கிறது. ஆயுத பூஜைக்குச் சாமந்தி கூடை கூடையாக வருகிறது. கட்டுத்தரை ஓரம் சோளத்தட்டுப் போர் நிற்கிறது. குறைவது அந்த விதவிதமான காய்கள் மட்டும்தான். அவையும் இங்கே வரும். ஆனால் அவர்கள் விதைக்கும் அதே விதையை, அவர்கள் சொல்லும் அதே மாதத்தில் போட்டால் பெரும்பாலும் இலையைத்தான் அறுவடை செய்வீர்கள். கொங்கு நாட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் பொருந்தி வருபவை அரசாணியும் சுரையும். குவியலில் முக்கால் பங்கை இவற்றிடம் விட்டுவிட்டு, மீதிக் கால் பங்குக்கு மட்டும் வெளிநாட்டு ரகங்களைத் தேடுங்கள் என்பது என் கட்சி.

காம்பைப் பார்த்து இனம் அறியுங்கள்

அரசாணிக்காய் என்று நாம் சொல்வதை மற்ற ஊர்க்காரர்கள் பரங்கி, மஞ்சள் பூசணி என்பார்கள். இந்த ஒரு பெயருக்குள் மூன்று தனித்தனி இனங்கள் ஒளிந்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல் விதை வாங்குவது வீண் செலவு.

முதலாவது குக்குர்பிட்டா மொஸ்காட்டா. நம் சந்தைகளில் கிடைக்கும் நாட்டு அரசாணி பெரும்பாலும் இதுதான். காம்பு கெட்டியாக, ஐந்து பட்டையாக இருக்கும். காயோடு சேரும் இடத்தில் மட்டும் பூப்போல விரிந்திருக்கும். இலையில் பல நேரம் வெள்ளைத் திட்டுகள் தெரியும். வெயிலைத் தாங்குவதில் மூன்றிலும் இதுவே மூத்தது.

இரண்டாவது மேக்சிமா. காம்பு உருண்டையாக, தக்கை போலத் தடித்திருக்கும். வெளிநாட்டுப் படங்களில் கண்ணைப் பறிக்கும் பெரிய காய்களில் பல இந்த இனம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சாம்பல் நீல ஜாராடேல், தலைப்பாகை வடிவ டர்க்ஸ் டர்பன், இத்தாலியின் மரு நிறைந்த மரினா டி கியோஜா எல்லாம் மேக்சிமா. இங்கே முயன்றால் வரும், பராமரிப்பு கேட்கும்.

மூன்றாவது பெப்போ. காம்பு கெட்டி, ஐந்து பட்டை, ஆனால் அடியில் விரியாது. உள்ளங்கையில் அடங்கும் ஜாக் பி லிட்டில், ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் ஆரஞ்சுப் பூசணி, பாதி மஞ்சள் பாதி பச்சையாகப் பேரிக்காய் வடிவில் வரும் அலங்காரக் குடுவைகள் எல்லாம் இந்தக் கூட்டம். அந்த இரட்டை நிறத்துக்குப் பின்னால் ஒரு மரபணு வேலை செய்கிறது. காய் பிஞ்சாக இருக்கும்போதே தோலின் ஒரு பகுதியில் பச்சையத்தை அது ஒழித்துவிடுவதால் அந்தப் பகுதி மட்டும் முன்கூட்டியே மஞ்சளாகிவிடும். பார்க்க அழகு. ஆனால் நம் சமவெளியில் சாம்பல் நோய்க்கும் வைரஸுக்கும் முதலில் சாய்வதும் பெப்போதான்.

இந்த மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை. மெக்சிகோவின் வாஹாகா பகுதிக் குகை ஒன்றில் கிடைத்த பெப்போ விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமை உடையவை. சுரை வேறு குடும்பக் கிளை, ஆப்பிரிக்காவில் தோன்றியது. கலியாணப் பந்திக்கும் திருஷ்டிக்கும் போகும் வெள்ளைப் பூசணி ஆசியாவுக்கே உரியது. ஆக, இந்தக் குவியலில் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா மூன்றும் உட்கார்ந்திருக்கும்.

எதை வளர்ப்பது

குவியல் அழகாக இருக்க நான்கு வேறுபாடுகள் வேண்டும்: நிறம், அளவு, வடிவம், தோல். எல்லாக் காயும் ஆரஞ்சு உருண்டை என்றால் அது மார்க்கெட் கடை மாதிரித்தான் இருக்கும்.

கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 அரசாணி ஏழெட்டுக் கிலோ வரும். கோ 2 ஒன்றரை முதல் இரண்டு கிலோ. அடியில் ஒரு பெரியது, மேலே நாலைந்து சிறியது என்று அடுக்க இந்த இரண்டும் போதும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சூர்யமுகியை என்னைக் கேட்டால் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். சிறியது, மேலும் கீழும் தட்டை, ஆரஞ்சுத் தோலில் வெண்மையான கோடுகள் ஓடும். வெளிநாட்டுக் குட்டிப் பூசணிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு உள்ளூர்ப் பதில் இது. பழ ஈயையும் ஓரளவு தாங்கும். அர்கா சந்தன் வெளிர்பழுப்பு நிறம், இரண்டு மூன்று கிலோ.

நாட்டு அரசாணியில் கிடைக்கும் வகைகளைச் சந்தையிலேயே பொறுக்கலாம். ஒட்டன்சத்திரம், பொள்ளாச்சி, தாராபுரம் பக்கச் சந்தைகளில் குவித்து வைத்திருப்பதில் கொஞ்சம் நேரம் செலவழித்துத் தேடுங்கள். ஆழமான வரிப்பள்ளம் உள்ளது, பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக உள்ளது, மேலே வெண்சாம்பல் பூத்தது எல்லாம் அகப்படும். சமைத்துவிட்டு விதையை எடுத்துக்கொள்ளலாம். ஒட்டு ரகமாக இருந்தால் அடுத்த தலைமுறை வேறு மாதிரி வரும். அலங்காரத்துக்கு வளர்க்கிறவருக்கு அதுவும் ஒரு லாபம்தான்.

சுரையில் வடிவம் தேடுங்கள். குடம் போன்றது, நடுவில் இடை சிறுத்தது, வாத்துக் கழுத்து மாதிரி வளைந்தது, ஆள் நீளத்துக்குத் தொங்குவது என்று மரபு விதை சேகரிப்பவர்களிடம் பல உண்டு. ஆடி மாதத்தையொட்டி ஊர் ஊராக விதைத் திருவிழாக்கள் நடக்கும், அங்கே விசாரியுங்கள். வெள்ளைப் பூசணியை மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டில் வெள்ளை நிறத்துக்கென்றே தனி ரகம் தேடி விதைக்கிறார்கள். நமக்கு அது சாம்பல் பூசிக்கொண்டு தானாகவே வருகிறது.

வெளிநாட்டு ரகங்களில் மொஸ்காட்டா இனத்தவையே நமக்குப் பாதுகாப்பு. பட்டர்நட், அமெரிக்காவின் ஃபுளோரிடா வெக்கையில் பழகிய செமினோல், பிரான்சின் வரிப்பள்ளம் நிறைந்த முஸ்கே டி புரோவான்ஸ், ஜப்பானின் கருத்த மருவுத் தோல் ஃபுட்சு ஆகியவை அந்த வகை. பாக்கெட்டில் அறிவியல் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாமல் 'நீலப் பூசணி விதை' என்று பளபளக்கும் படத்தை மட்டும் காட்டி விற்கும் இணையக் கடைகளை விட்டு விலகுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் 'பெட்டியில் நாலு விதை போட்டு எடுத்து வா' என்று சொல்லவும் வேண்டாம். தாவர நோய்த்தடுப்பு ஆணை 2003-இன்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது. விதையோடு வைரஸும் கூடவே வரும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

எப்போது விதைப்பது

முதலில் குவியல் எந்த நாளுக்கு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் பின்னோக்கி எண்ணுங்கள். கோ 2 போன்ற ரகத்துக்கு விதையிலிருந்து முற்றிய காய் வரை 135 நாள் ஆகும். குட்டிப் பெப்போவுக்கு மூன்று மாதத்துக்குச் சற்று மேல்.

நவராத்திரிக் கொலுவுக்கும் ஆயுத பூஜைக்கும் வேண்டுமென்றால் வைகாசியிலேயே விதை போட வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருப்பவர்களுக்கே இது சரிப்படும். வெயிலும் நீண்ட பகலும் ஆண் பூக்களைக் கூட்டிவிடும் என்பதால் காய் பிடிக்கத் தாமதமும் ஆகும். ஆடிப் பட்டத்தில் போட்டால் கார்த்திகை, மார்கழியில் காய் முற்றும். என் கணக்கில் கொங்குக்கு ஏற்ற நாள் ஆடிக் கடைசியிலிருந்து ஆவணி பாதி வரை. பொங்கலுக்குச் சரியாக வாசலில் குவித்துவிடலாம். பொங்கல் சந்தையில் அரசாணி விலை ஏறும்போது உங்கள் வீட்டில் அலங்காரமும் குழம்பும் ஒன்றாக நடக்கும்.

இதில் ஒரு இடைஞ்சல் உண்டு. நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. பூக்கும் காலமும் அதுவே. மழையில் தேனீ வராது, மகரந்தம் கரைந்து போகும், தரையில் கிடக்கும் பிஞ்சு அழுகும். அதற்கான வழிகளைக் கீழே சொல்கிறேன்.

பெப்போ ரகங்களைச் சமவெளியில் வைக்க விரும்பினால் மழை ஓய்ந்த பிறகு கார்த்திகைக் கடைசியில் விதைத்து பங்குனித் தொடக்கத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தாளவாடி, ஏற்காடு, கொல்லிமலை பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

குழியிலிருந்து பூ வரை

சுமார் ஓர் அடி, அதாவது 30 செ.மீ. நீள அகல ஆழத்தில் குழி. குழிக்குக் குழி 2 மீட்டர். மட்கிய எரு 10 கிலோவை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆற விடுங்கள். ஆட்டுப் புழுக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. செவ்வல் மண்ணில் எருவைக் கூட்டலாம். பல்லடம், உடுமலை பக்கக் கரிசலில் குழியைத் தரைமட்டத்துக்கு மேலே மேடாக்குங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் வேர் மூச்சுத் திணறும்.

விதையை ஓர் இரவு ஊற வையுங்கள். சுரை விதைக்கு ஓடு தடிப்பு, அதற்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். குழிக்கு ஐந்து விதை, விரல் கணு ஆழம். இரண்டு வாரத்தில் திடமான இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி எறியுங்கள். பிடுங்க வேண்டாம், பக்கத்துச் செடியின் வேர் ஆடும்.

முளை வந்ததும் இரண்டு எதிரிகள் வருவார்கள். ஒன்று மயில். இன்றைக்குக் கொங்கில் தோட்டம் வைத்திருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. குழியைச் சுற்றி வேலாமுள் கிளைகளைச் செருகிவிடுங்கள், செடி ஓடத் தொடங்கும் வரை போதும். இன்னொன்று சிவப்பு வண்டு. இளம் இலைகளைச் சல்லடையாக்கிவிடும். காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவலாம். லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இந்தக் குடும்பத்துச் செடிகளின் இலையைக் கருக்கிவிடும், மற்ற பயிருக்கு வாங்கி வைத்திருப்பதை எடுத்து இதில் கொட்டிவிடாதீர்கள்.

சொட்டுநீர் இருந்தால் குழிக்கு ஒரு சொட்டுவான் போதும். இலை நனையக் கூடாது. ஒரு மாதத்தில் ஒரு மேலுரம், அவ்வளவுதான். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் கொடி ஊரைச் சுற்றும், காய் இருக்காது.

சுரைக்குப் பந்தல் வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் பாகலுக்கும் புடலைக்கும் போட்ட கல்தூண் பந்தல் ஏற்கெனவே இருந்தால் அதன் ஒரு மூலை போதும். இல்லையா, கிளுவை வேலி மேல் ஏற்றிவிடுங்கள். சுரையில் பெண் பூ பெரும்பாலும் பக்கக் கொடிகளில்தான் வரும். ஆகவே தாய்க்கொடி பத்து இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். அரசாணி தரையில் ஓடட்டும். மாடியில் பெரிய பையில் வளர்ப்பவர்கள் இரண்டு கிலோவுக்கு உட்பட்ட ரகங்களைக் கம்பி வலையில் ஏற்றி, காய் வெங்காயம் அளவு ஆனதும் வலைப்பையைத் தொட்டில் மாதிரிக் கட்டித் தாங்க வேண்டும்.

நீங்களே தேனீ ஆகுங்கள்

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. பூவுக்குக் கீழே குட்டிக் காய் ஒட்டியிருந்தால் அது பெண். பத்து நாள் வெறும் ஆண் பூவாகவே வந்தால் பயப்பட வேண்டாம், பறித்து மார்கழிக் கோலத்துச் சாணிப் பிள்ளையார் மேல் வைக்கலாம். கொஞ்சம் மட்டும் கொடியில் விட்டு வையுங்கள்.

அரசாணி விடியலில் மலர்ந்து வெயில் ஏறும்போது மூடிவிடும். மழைக்காலத்தில் தேனீயை நம்பி இருக்காமல் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தேயுங்கள். சுரை இதற்கு நேர்மாறு. அதன் வெள்ளைப் பூ சாயங்காலம் விரியும், இரவுப் பூச்சிகளுக்கானது. விளக்கு வைக்கிற நேரத்தில் அதற்கு வேலை செய்ய வேண்டும்.

விதைக்காகத் தூய்மையான காய் வேண்டுமென்றால் முந்தின மாலையே அடுத்த நாள் விரியப்போகும் மஞ்சள் நுனி மொட்டுகளை, ஆணும் பெண்ணும் சேர்த்து, நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து, மகரந்தம் தடவி, பெண் பூவை மறுபடியும் கட்டி, காம்பில் ஒரு வண்ண நூல் சுற்றி அடையாளம் வையுங்கள்.

பெரிய ரகத்தில் கொடிக்கு இரண்டு மூன்று காய்க்கு மேல் விடாதீர்கள். பிஞ்சு கோலி அளவு ஆனதும் காகிதப் பை அல்லது பழைய துணியால் மூடுங்கள், பழ ஈ முட்டை வைப்பது இளம் தோலில்தான். இனக்கவர்ச்சிப் பொறி இரண்டு தொங்கவிட்டால் நல்லது. உதிர்ந்த, துளை விழுந்த காய்களைக் குப்பைக் குழியில் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். தரையில் கிடக்கும் காய்க்கு அடியில் ஒரு ஓடோ தென்னை மட்டையோ வையுங்கள். மழையில் அழுகாது, ஒரு பக்கம் வெளுத்தும் போகாது.

இங்கே விளையாடவும் இடம் உண்டு. காய் பாதி வளர்ந்து தோல் இன்னும் மெலிதாக இருக்கும்போது ஆணி நுனியால் மேலாகப் பெயரோ கோலமோ கீறிவிடுங்கள். காயம் ஆறி, தக்கை போலப் புடைத்த வெண்கோடாக நிற்கும், காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருக்கும். குழந்தைகளைத் தோட்டத்துக்கு இழுக்க இதைவிடச் சுலப வழி எனக்குத் தெரியாது. நீளக் கழுத்துச் சுரையைப் பந்தலில் தொங்கவிட்டால் கழுத்து நேராகும், தரையில் விட்டால் பாம்பாகச் சுருளும். வேண்டியபடி தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லா விசித்திரமும் அழகு என்று எண்ண வேண்டாம். இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகி, காயில் ஒழுங்கில்லாத முண்டும் பச்சைப் பொட்டும் கிளம்பினால் அது தேமல் நோய். அசுவினியும் வெள்ளை ஈயும் அதைப் பரப்பும். அந்தக் கொடியை அன்றைக்கே வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், விதையும் எடுக்காதீர்கள்.

அறுப்பதும் ஆற வைப்பதும்

குவியல் ஒரு வாரம் நிற்குமா மூன்று மாதம் நிற்குமா என்பதை இந்த வேலைதான் தீர்மானிக்கிறது. பெரும்பாலோர் அவசரப்படுவதும் இங்கேதான்.

முற்றியதற்கு மூன்று அடையாளம். நகத்தால் அழுத்தினால் தோல் இறங்கக் கூடாது. காம்பு பச்சை மாறி மரம் போலாகியிருக்க வேண்டும். தோலின் பளபளப்பு போய் மங்கியிருக்க வேண்டும். வெள்ளைப் பூசணி என்றால் மேலெல்லாம் சாம்பல் படிந்திருக்கும். நிறம் வந்ததை மட்டும் நம்பாதீர்கள், ஆரஞ்சு ரகங்கள் முற்றும் முன்பே நிறம் காட்டும்.

மழை இல்லாத நாளில், பனி காய்ந்த பிறகு, கூர்மையான கத்தியால் விரல் நீளக் காம்போடு அறுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. காம்பு பெயர்ந்த இடம் வழியாகத்தான் அழுகல் உள்ளே நுழையும். இரண்டு கையாலும் அடியில் தாங்கி எடுத்து, வண்டியில் வைக்கோல் மேல் வையுங்கள். ஒட்டிய மண்ணை ஈரத்துணியால் துடைக்கலாம். ஒரு பங்கு பிளீச் திரவத்தில் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடைத்தால் பூஞ்சை குறையும். வெள்ளைப் பூசணியை மட்டும் துடைக்காதீர்கள். அந்தச் சாம்பல்தான் அதன் காவல்.

அடுத்து, தோல் இறுக வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் 27 முதல் 30 டிகிரி வெப்பத்தில் பத்து நாள் வைக்கச் சொல்வார்கள், அதற்காகக் கொட்டகையைச் சூடாக்குவதும் உண்டு. நமக்கு அந்தச் செலவு இல்லை. காற்றோட்டமான திண்ணை, தோட்டத்து வீடான சாளையின் தாழ்வாரம், மாடிப்படி அடி எதுவும் போதும். நேர் வெயில் படக் கூடாது. ஒன்றையொன்று தொடாமல் சாக்கின் மேல் பரப்பி, இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பிவிடுங்கள். கார்த்திகை மழை விடாமல் பெய்தால் உள்ளே எடுத்து மின்விசிறி போடுங்கள்.

பிறகு சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் பலகையிலோ பரணிலோ வைக்கோல் மேல் வையுங்கள். உறியில் தொங்கவிடுவது இன்னும் மேல், அடியில் ஈரம் தேங்காது. நன்கு முற்றிய நாட்டு அரசாணி சாதாரண அறையில் இரண்டு மூன்று மாதம் கிடக்கும். வெள்ளைப் பூசணி அதற்கும் மேல். குளிர்சாதனப் பெட்டியில் முழுக் காயை வைக்காதீர்கள், 10 டிகிரிக்குக் கீழே இவற்றுக்குக் குளிர் அடித்துத் தோல் குழிவிழும்.

அடுக்கும் விதம்

வாசல் திண்ணையோ கொலுவின் அடிப்படியோ, இடம் நிழலாக இருக்கட்டும். பின்னணிக்குச் சோளத்தட்டை ஒரு கட்டாக நிறுத்துங்கள். பெரிய வரிப்பள்ள அரசாணி ஒன்று அடியில், நட்ட நடுவில் வைக்காமல் சற்று ஒதுங்கி. அதன் தோளில் வெள்ளைப் பூசணி. வெள்ளையும் ஆரஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இரண்டும் எடுபடும். முன்னால் சூர்யமுகிக் குட்டிகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில். வாத்துக் கழுத்துச் சுரை மேலே எட்டிப் பார்க்கட்டும். இடைவெளியில் சாமந்திச் சரத்தைச் சுருட்டி வையுங்கள், மாலையாகப் போட்டால் கோயில் வாசனை வந்துவிடும். மூங்கில் கூடை, தானியம் அளக்கும் பழைய வள்ளம், படி இருந்தால் குட்டிக் காய்களைப் போட்டு வைக்கலாம். காய்க்கு வர்ணம் பூசுவதில் எனக்கு விருப்பம் இல்லை, தோலின் நிறம்தானே இத்தனை பாடு.

முகம் செதுக்கி விளக்கு வைக்க ஆசைப்பட்டால் நம் வெக்கையில் இரண்டு மூன்று நாளில் உள்ளே பூஞ்சை பிடிக்கும் என்று தெரிந்து செய்யுங்கள். இந்த வழக்கம் அயர்லாந்தில் டர்னிப் கிழங்கில் தொடங்கி, அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்கா போன பிறகே பூசணிக்கு மாறியது. புதுவீட்டுக்கு முன்னால் வெள்ளைப் பூசணியில் கோரப் பல்லும் மீசையும் எழுதித் தொங்கவிடும் நமக்கு இது வேற்று வழக்கமாகத் தோன்றாது. செதுக்காமல் எழுதினால் காய் மாதக் கணக்கில் நிற்கும் என்பதால் நம் முறைக்கே என் ஓட்டு.

ஆயுத பூஜைக்கு உடைக்கும் காயை நடுரோட்டில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பைக்காரர் வழுக்கி விழுவார். உடைத்ததை வாரி மாட்டுக்கோ எருக்குழிக்கோ போடுங்கள்.

சுரையைக் குடுக்கையாக்குவது

இதில் நம் தட்பவெப்பம் வெளிநாட்டாரைவிட நமக்குச் சாதகம். அவர்கள் அறுக்கும்போது குளிர்காலம் தொடங்கிவிடும், காய்வதற்குள் பூஞ்சையோடு மல்லுக்கட்டு. ஆடியில் போட்ட சுரை நமக்கு மார்கழியில் முற்றும், எதிரே தையிலிருந்து சித்திரை வரை உலர்ந்த வெயில் காத்திருக்கும்.

கொடி காயும் வரை காயைப் பறிக்காமல் விடுங்கள். பறித்த பிறகு காம்பில் கயிறு கட்டி நிழலில், காற்றில் தொங்கவிடுங்கள். மேல் தோலில் கறுப்பும் வெள்ளையுமாகப் பூஞ்சை படரும். கெட்டுப்போனதாக நினைத்து எறிய வேண்டாம், நீர் வெளியேறும்போது இது சகஜம். கைவைத்தால் அமுங்கினால் மட்டும் அழுகல், அதை எடுத்துவிடுங்கள். அளவைப் பொறுத்து இரண்டிலிருந்து ஆறு மாதம் ஆகும். எடை இறங்கி, ஆட்டினால் விதை கலகலக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துத் தேங்காய் நாரால் தேயுங்கள். கீழே தேன் நிறத்தில் கட்டை மாதிரி ஓடு வெளிப்படும். இரும்பறுக்கும் வாளால் வாயை அறுக்கலாம். அறுக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், உள்தூசி தொண்டையைக் கமறவைக்கும். தண்ணீர் ஊற்றி வைத்து தினமும் மாற்றினால் கசப்பு போகும். ஆளிவிதை எண்ணெய் தடவினால் மெருகு ஏறும்.

முந்தின தலைமுறை இதை அலங்காரமாக நினைக்கவே இல்லை. விதை சேமிக்கும் பாத்திரம் அது. கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளையின் இடுப்பில் கட்டும் மிதவையும் அதுதான். பாம்பாட்டியின் மகுடி சுரையில் செய்தது. மகாராஷ்டிரத்தின் மிரஜ் நகரில் செய்யும் தம்பூராவுக்குக் குடம் பண்டரிபுரம் பக்கம் விளையும் பெருஞ்சுரை. இன்று செய்ய எளிது விளக்குக் கூடும் குருவிக் கூடும். குருவிக்கு 4 செ.மீ. அளவில் வாய், அடியில் நீர் வடிய இரண்டு சிறு துளை, நிழலான சுவரில் தொங்கவிடுங்கள்.

சாப்பிடலாமா, விதை எடுக்கலாமா

குவியலைக் கலைக்கும்போது அரசாணியும் வெள்ளைப் பூசணியும் நேராகச் சமையலறைக்குப் போகும். அரசாணிப் பொரியலுக்குத் தேங்காய்த் துருவலில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். வைத்திருந்த காய் புதுக் காயைவிட இனிக்கும், மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும்.

ஆனால் அலங்காரத்துக்கென்றே வளர்த்த குட்டிப் பெப்போ குடுவைகளைச் சமைக்க வேண்டாம். அவற்றில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு மிகுதி. சுரையிலும் இது எப்போதாவது ஏறும். கசப்புச் சுரைச் சாறு குடித்து உயிரிழப்பு நேர்ந்த பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு அமைத்த வல்லுநர்கள், கசந்தால் குடிக்கவே கூடாது என்றுதான் எச்சரித்தார்கள். வேக வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள், கசந்தால் முழுக் காயும் எருக்குழிக்கு.

விதை எடுக்கிறவர்களுக்கு இதே விஷயம் இன்னொரு விதத்தில் முக்கியம். மொஸ்காட்டா பக்கத்தில் பெப்போ பூத்தால் பெரிதாகக் கலக்காது. ஒரே இனத்துக்குள் தாராளமாகக் கலக்கும். அலங்காரப் பெப்போவின் மகரந்தம் அதே பெப்போ இனத்துக் காய்கறியான பக்கத்து சுக்கினியில் விழுந்தால் இந்த ஆண்டுக் காய்க்கு ஒன்றும் ஆகாது, அதன் விதையில் முளைக்கும் அடுத்த ஆண்டுக் காய் கசக்கலாம். இரண்டையும் வளர்ப்பவர்கள் பெப்போ விதையை வீட்டில் எடுக்காமல் புதிதாக வாங்கிக்கொள்வது நல்லது.

அரசாணி விதையையும் சுரை விதையையும் கை மகரந்தம் செய்து நூல் கட்டிய காயிலிருந்தே எடுங்கள். அறுத்த காயை இன்னும் மூன்று வாரம் வைத்திருந்து உடைத்தால் விதை உள்ளே நன்றாகத் திரளும். கழுவி, தண்ணீரில் மூழ்குவதை மட்டும் வைத்துக்கொண்டு, நிழலில் உலர்த்தி, இரண்டாக ஒடித்தால் 'டக்' என்று முறியும் பதத்தில் சாம்பல் கலந்து பாட்டிலில் மூடி வையுங்கள். பாட்டிகள் சாணியில் பதித்து வறட்டியாகச் சுவரில் தட்டி வைத்த முறையும் இன்றைக்கும் வேலை செய்யும். பாட்டிலோ வறட்டியோ, ரகத்தின் பெயரையும் விதை எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். நாலைந்து ஆண்டு வரை முளைக்கும்.